நாய் அவிழ்ந்து கிடக்கிறது, யாரிடம் சொல்வது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அண்ணாச்சிக்கும், ஞாயிற்றுக்கிழமை சமையலை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் நன்றி. நான் வக்கீல் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனு எழுதுவதும், அதற்கு ரசீது வாங்குவதும், வாங்கிய ரசீதைத் தொலைக்காமல் வைப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. நாய்ப் பிரச்சினை பற்றிப் பேசச் சொன்னதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களில் பலர் செயலாளரிடம் கொடுத்த புகார்களைப் படித்தேன். எல்லாவற்றுக்கும் தலைப்பு "நாய்த் தொல்லை". இதில்தான் முதல் சிக்கல் வருகிறது. தெருநாய் ஒரு கணக்கு, வளர்ப்பு நாய் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் ஐந்தொகை சரியாக வராது.

தெருநாய்க்கு 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. உள்ளாட்சி பிடிக்கலாம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம், பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில், ஆகஸ்ட் 22-ல், மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது. நம் ஊரில் மீன் இறங்கும் இடங்களில் கூட்டமாகத் திரிகிற நாய்கள் இந்தக் கணக்கில் வரும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்றைக்குப் பேச்சு உடையவர் உள்ள நாயைப் பற்றி. கழுத்தில் பட்டை இருக்கும், பெயர் இருக்கும், கறிச்சோறு இருக்கும், ஆனால் கேட் திறந்திருக்கும். நம் பகுதியில் அப்படி ஒரு வீட்டில் இரண்டு நாய்கள். எந்த வீடு என்று நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரரும் நம் சங்க உறுப்பினர்தான், சந்தா பாக்கி வைக்காத நல்ல மனிதர். பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கிற நாயை இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் அவிழ்த்து விடுகிறார். "ஒண்ணும் செய்யாது, சும்மா குரைக்கும்" என்பார்.

கடந்த ஆறு மாதத்தில் என் நோட்டில் ஏறியவை இவை. பால் ஊற்றும் அம்மாவுக்குக் கெண்டைக்காலில் கடி. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பிக்குக் கையில் பல் பதிந்த காயம். டியூஷனுக்குப் போன சிறுமி நாய் துரத்தியதில் சைக்கிளோடு விழுந்து முழங்கால் பெயர்ந்தது. இருட்டோடு அளத்துக்குப் போகிற பெண்கள் நம் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டார்கள், சுற்றிப் போகிறார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? கடிபட்டவர்களில் நம் சங்க உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பால் ஊற்றும் அம்மாவிடம் புகார் எழுதித் தரச் சொன்னேன். "வேண்டாம் சார், ஐந்நூறு ரூபா கொடுத்துட்டாங்க, அந்தத் தெருவில ஏழு வீடு எனக்கு" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. புகார் கொடுத்தால் பிழைப்பு போகும். ஆகவே கையெழுத்து அவருடையதாக இருக்க முடியாது. நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். "வீட்டு நாயை நாங்கள் தொட முடியாது, வேறு இடத்தில் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த வேறு இடத்தில், "நாய்க்கெல்லாம் எங்களிடம் வந்தால் எப்படி சார்?" என்றார்கள். இரண்டு இடத்திலும் வாய்வார்த்தையாகத்தான் பதில் கிடைத்தது. வாயால் சொன்ன புகாருக்கு வாயால்தான் பதில் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நேரக்கூடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடித்த பிறகுதான் புகார் என்று இல்லை. இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். ஆகவே காவல் நிலையத்தில் "இது எங்கள் வேலை இல்லை" என்று சொன்னால், வாதம் செய்யாமல், பிரிவு எண்ணைப் போட்டு எழுதிய மனுவை நீட்டுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஏட்டையா முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

காவல்துறையால் முடியும் என்பதற்கு சென்னையே சாட்சி. 2024 மே 5-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாயின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் நாய் கடித்து ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உயிரையே விட்டார். அதன் பிறகுதான் சென்னையில் வளர்ப்பு நாய் உரிமம், கழுத்துச் சங்கிலி, வாய்க்கவசம் எல்லாம் கண்டிப்பாகப் பேசப்பட்டன. ஆள் விழுந்த பிறகு எல்லாச் சட்டமும் வேலை செய்கிறது. விழும் முன்னால் வேலை செய்ய வைப்பதுதான் நம் பாடு.

இடையில் ஒன்று. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் தமிழ்நாடு அரசும் அதே தடையை அறிவித்து உடனே திரும்பப் பெற்றது. இனத்தைப் பார்த்து என்ன செய்வது? நம் தெருவில் கடித்தது வெளிநாட்டு நாயே இல்லை. கட்டிப்போட்டே வளர்த்தால் நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்கூடக் கடிக்கும். திறந்த கேட்தான் விஷயம்.

காவல் நிலையத்தில் மனு வாங்கவில்லை என்றால்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ன்படி அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பழைய ஆட்கள் "ரிஜிஸ்டர் தபால்" என்று போய் நிற்காதீர்கள், 2025-ல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அதே சட்டத்தின் 152-ஆம் பிரிவு, பழைய கணக்கில் 133. பொதுத் தொல்லையை நீக்கும் அதிகாரம் இது. சாக்கடை, இடிந்து விழும் சுவர் என்று போகிற அந்தப் பட்டியலில் "ஆபத்தான விலங்கு" என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதை அடைத்து வைக்கச் சொல்லியும், தேவைப்பட்டால் அப்புறப்படுத்தச் சொல்லியும் நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். நம் ஊரில் அந்த அதிகாரம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. காவல்துறை அறிக்கை வந்தால்தான் என்று இல்லை, "வேறு தகவல்" வந்தாலும் போதும் என்கிறது சட்டம். கடிபட்டவரே வர வேண்டும் என்றும் இல்லை. நாய்க்காரருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு, அது சரிதான். அவர் கேட்டைச் சாத்தி, வெளியே கொண்டுபோகும்போது சங்கிலி போட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அதனால்தான் 291-ஐ விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம்.

இந்தப் பிரிவை வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் ஊரில் ஒரு வார்டு மக்கள் சாக்கடை நாற்றத்துக்காக நகராட்சியையே இழுத்தார்கள். 1972-ல் மனு. நடுவர் உத்தரவு போட்டார், செஷன்ஸ் நீதிமன்றம் அதை நீக்கியது, உயர் நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது, கடைசியில் 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். "காசில்லை" என்று நகராட்சி சொன்ன சாக்கு எடுபடவில்லை. எட்டு வருடம் ஆனது, உண்மைதான். ஆனால் நாம் கேட்பது சாக்கடை கட்ட அல்ல, ஒரு கேட்டைச் சாத்த.

இதற்கெல்லாம் அடிப்படை நோட்டு. தேதி, நேரம், எந்த இடம், எந்த நிற நாய், யாரைக் கடித்தது, யார் பார்த்தது, மருத்துவமனைச் சீட்டு எண். சி.சி.டி.வி. இருந்தால் அன்றைக்கே பதிவை எடுத்து வையுங்கள், சில நாளில் அழிந்துவிடும். "அடிக்கடி துரத்துகிறது" என்று எழுதினால் எந்த அதிகாரியும் படிக்க மாட்டார். "மூன்றாம் தேதி காலை ஐந்தே காலுக்கு" என்று எழுதினால் படிப்பார். மனு கொடுத்து முப்பது நாளில் அசைவில்லை என்றால், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனு மீது என்ன நடவடிக்கை, எந்த அதிகாரியிடம் இருக்கிறது" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கோப்பு மேசையின் அடியிலிருந்து மேலே வரும். வங்கியில் தணிக்கை வரப்போகிறது என்றால் நாங்கள் எப்படி வேலை செய்வோம் என்று எனக்குத் தெரியும்! திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறை தீர்க்கும் நாளும், 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணும் கூடவே இருக்கட்டும்.

போன கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. ஒன்று, சங்கத்தில் தீர்மானம் போட்டு நாய் வளர்க்கவே தடை செய்வது. அது நிற்காது. பெரும்பான்மை இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. மற்றொன்றை மெதுவாகத்தான் சொன்னார்கள், எனக்குக் கேட்டது. பிஸ்கட்டில் எதையோ வைப்பது. பாரதிய நியாய சன்ஹிதா 325, ஐந்து வருடம் வரை சிறை. அது கிடக்கட்டும், அந்த பிஸ்கட்டை எடுக்கப் போவது நாய்தான் என்று யார் கண்டது? நம் தெருவில் தவழுகிற பிள்ளைகள் இருக்கின்றன. நாய் மேல் குற்றமே இல்லை, அதை அவிழ்த்தவர் மேல்தான். இந்தப் பேச்சு இனி இங்கே வேண்டாம்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாக்களுக்கும் சொல்லுங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு, ஊசி இலவசம். "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்று உரிமையாளர் சொன்னாலும் போக வேண்டும். ஆழமான காயமென்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள். தவணையை நடுவில் விடக்கூடாது. ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது. பால் ஊற்றும் அம்மா இரண்டு ஊசியோடு நிறுத்தியிருந்தார். மூன்றாவதுக்கு என் மனைவி கூட்டிப் போனாள்.

இனி செய்ய வேண்டியது. மனு கொடுப்பதற்கு முன்னால் தலைவர் அண்ணாச்சியும் நானும் அந்த வீட்டுக்கு ஒருமுறை போகிறோம். கோபமாக இல்லை, காலையில், நாய் கட்டியிருக்கும்போது. சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதையே கடிதமாகவும் கொடுத்துவிட்டு வருவோம். பதினைந்து நாள் அவகாசம். கேட் சாத்தப்படவில்லை என்றால் கோட்டாட்சியருக்கு மனு போகும். மனு தயாராக இருக்கிறது, செயலாளர் மேசையில். கையெழுத்துக்கு இருபது கோடு போட்டிருக்கிறேன், முதல் கோட்டில் என் பெயர் இருக்கிறது. டீ வருவதற்குள் மீதியைப் பார்த்துவிடலாம்.