பூனைக்கு வந்த புற்றுநோய் நமக்கு வருமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் பி பிளாக் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாம்பல் பூனை இறந்துபோனது. வைரஸால் வந்த ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ஒரே பதற்றம். “குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?”, “எல்லாப் பூனைகளையும் பிடித்து வெளியே விட்டுவிடலாமா?” என்று கேட்டார்கள். மாட்டுக்கும் இப்படி வருமாமே, பால் குடிக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். நான் மாட்டு வைத்தியன், மாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாடுகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அது வெள்ளை அணுவுக்குள் நுழைந்து, தன் மரபணுவை அந்த அணுவின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க அங்கேயேதான் இருக்கும். ஆனால் தொற்றிய நூறு மாடுகளில் கட்டி வருவது ஐந்துக்கும் குறைவு. அதுவும் சில வருடங்கள் கழித்துத்தான். காரணம், வைரஸ் நேரடியாகப் புற்றுநோயைக் கொண்டுவந்து வைப்பதில்லை. அணுவை ‘பிரி, பிரி’ என்று தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். நகலில் பிழைகள் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் ஏதோ ஓர் அணுவுக்குப் பிரேக் பிடிக்காமல் போகிறது. அதுதான் புற்றுநோய்.

இந்த வைரஸ் முக்கியமாக ரத்தம் வழியே பரவுகிறது. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடுவது, கொம்பு வெட்டும் கருவியைக் கழுவாமல் அடுத்த கன்றுக்குப் பயன்படுத்துவது, கடிக்கும் ஈக்கள் ஆகியவைதான் வழிகள். பால் விஷயத்தில் கவலை வேண்டாம். பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் சூட்டிலேயே இந்த வைரஸ் செயலிழந்துவிடும். கறந்த பால் வாங்குபவர்கள் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

சில சமயம் வைரஸுக்கு ஒரு கூட்டாளியும் தேவைப்படும். ஸ்காட்லாந்து மலைப்பகுதி மாடுகளுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. கிளாஸ்கோவைச் சேர்ந்த கால்நடை விஞ்ஞானி வில்லியம் ஜாரெட் ஆராய்ந்தபோது, மரு உண்டாக்கும் ஒரு வைரஸும், மாடுகள் மேய்ந்த ஒருவகைப் பெரணிச் செடியும் சேர்ந்து செய்த வேலை அது என்று தெரிந்தது. பெரணியில் உள்ள நச்சு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். மரு ஆறாமல் நின்று புற்றாக மாறும். பெரணி மேயாத மாடுகளுக்கு மரு வந்தாலும் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும்.

இதே ஜாரெட்தான் 1964-இல் நம் சாம்பல் பூனைக்கு வந்த வைரஸையும் கண்டுபிடித்தார். இது எச்சில் வழியே பரவும். ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, சண்டையில் கடிப்பது ஆகியவை போதும். ஆனால் பூனைக்குப் பூனைதான். மனிதருக்கு வராது, நாய்க்கும் வராது. குழந்தைகளைப் பற்றிக் கேட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பூனைகளைப் பிடித்து வேறு தெருவில் விட்டால் என்ன ஆகும்? நோயை அந்தத் தெருவுக்கு அனுப்பியதாக ஆகும். இங்கே காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வரும். அதற்குப் பதில் மூன்று வேலை செய்யலாம். உணவு வைப்பவர்கள் ஒரே தட்டில் வைக்காமல் தனித்தனியாக வைத்து, தினமும் கழுவுங்கள். கருத்தடை செய்துவிட்டால் சண்டையும் கடியும் குறையும். மெலிந்து சோர்ந்திருக்கும் பூனையை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. வைரஸ்தான் காரணம் என்றால் அதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: தடுப்பூசி போட முடியும். கோழிகளுக்கு மாரெக் நோய் என்று ஒன்று, அதுவும் வைரஸால் வரும் புற்றுநோய்தான். 1970 வாக்கில் தடுப்பூசி வந்த பிறகு அதன் இழப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று நாமக்கல்லில் முட்டைக்கோழிக் குஞ்சு பொரிந்த அன்றே அந்த ஊசியைப் போட்டுவிடுகிறார்கள்.

மனிதர்களுக்கும் அப்படித்தான். பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், மாட்டு மரு வைரஸின் உறவுக்கார வைரஸ். அதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் தடுப்பூசி இருக்கிறது; 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. கோழிக்குஞ்சுக்குத் தவறாமல் போடுகிறோம். நம் வீட்டுப் பெண் குழந்தைக்குப் போட்டுவிட்டோமா?

பூனையைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்டீர்கள். இந்த ஒரு கேள்வியை இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.