ரசீது வேறு, பணம் வேறு



கோத்தா கோலா மூடாவின் பாசார் பிசிக் சந்தையில் மீன் வாங்குபவர் ஏலக்காரரின் காதில் விலையைக் கிசுகிசுப்பார். விலை ரகசியம், ஆள் கண்முன்னே நிற்பார். முகநூல் சந்தையிலோ நேர்மாறு. விலை ஊருக்கே தெரியும், ஆள்தான் யாரென்று தெரியாது.

அங்கே மோட்டாரையோ விலையுயர்ந்த கைப்பேசியையோ விற்கப் போகிறீர்களா? வாங்க வந்தவர், "பணம் போட்டாச்சு அண்ணே" என்று ரசீதைக் காட்டுவார். அதை நம்பாதீர்கள், போலி ரசீது செய்வது சுலபம். உங்கள் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். டுயிட்நாவ் பரிமாற்றம் என்றால் பணம் உடனே ஏறும். ஐபிஜி பரிமாற்றம் என்றால் நேரம் பிடிக்கும். காசோலை திரும்பியும் வரலாம். பணம் ஏறும்வரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது இன்னொரு வித்தை. பணம் நிஜமாகவே ஏறும், ஆனால் அதை அனுப்பியவர் வேறெங்கோ ஏமாந்த ஓர் அப்பாவி. பொருள் மோசடிக்காரனுக்கு, போலீஸ் விசாரணை உங்களுக்கு! அனுப்பியவர் பெயரும், எதிரே நிற்பவரின் மைகார்டு அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் வியாபாரமே வேண்டாம்.

பணம் பெறுவதற்கு ஓடிபியோ கடவுச்சொல்லோ தேவையில்லை. கேட்டால் பேச்சை நிறுத்துங்கள்.

பெரிய தொகையா? சுங்கை பட்டாணியில் ஏதாவது ஒரு வங்கிக்குள் சந்தியுங்கள். ரொக்கத்தை அங்கேயே எண்ணிக் கணக்கில் போட்டுவிடலாம். வாங்குபவரின் தொலைபேசி எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் முன்கூட்டியே தட்டி, மோசடிப் புகார் உண்டா என்று பாருங்கள். கணக்கிலிருந்து பணம் பறிபோனால் உடனே உங்கள் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையோ அழையுங்கள். மையத்தின் எண் 997.