தரவுப் பெருக்கம் தளரும் காலத்தில் தோட்டப்புறம்



தொலைத்தொடர்புத் தொழிலைப் பற்றி மொழியியலாளன் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அத்தொழில் தொடக்கத்தில் விற்றது மொழியைத்தான். தந்திக்குச் சொற்களை எண்ணிக் காசு வாங்கினர். தொலைபேசிக்கு நிமிடங்களை எண்ணினர். குறுஞ்செய்திக்கு எழுத்துகளை எண்ணினர். அந்தக் கடைசிக் கணக்கில் தமிழ் நட்டப்பட்டது. ஒரு செய்தியில் உரோமன் எழுத்துக்கு 160 இடம். ஒருங்குறித் தமிழுக்கு 70 மட்டுமே. 'கி' நமக்கு ஓரெழுத்து, கருவிக்கு இரண்டு. நம் பிள்ளைகள் தமிழை உரோமன் எழுத்தில் எழுதப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

பின்னர்த் தரவு வந்தது. எழுத்தெண்ணும் வழக்கம் ஒழிந்தது. இப்போது கிகாபைட் கணக்கும் தளர்கிறது. எரிக்சன் நிறுவனத்தின் அறிக்கைகளின்படி, உலகக் கைப்பேசித் தரவுப் போக்குவரத்து 2018 இறுதியில் ஆண்டுக்கு 80 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது; 2024 இறுதியில் ஏறத்தாழ 20 விழுக்காடே. பயன்பாடு குறையவில்லை, பெருகும் வேகமே குறைந்தது. போக்குவரத்தில் பெரும்பங்கு காணொலி. நாளுக்கு 24 மணி நேரந்தான். கையகலத் திரையில் ஓரளவுக்குமேல் தெளிவைக் கூட்டினாலும் கண் அறியாது. வளர்ச்சி தளர்ந்தால் நிறுவனங்கள் செலவைச் சுருக்கும், ஒன்றோடொன்று சேரும். நம் நாட்டில் செல்கோமும் டிஜியும் 2022-இல் இணைந்துவிட்டன.

பெடாஸ் போன்ற தோட்டப்புறங்களுக்கு இதனால் என்ன? ஊரகக் கோபுரங்களுக்குப் பணம் தரும் பொதுச்சேவை நிதிக்கு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் கழிவுகள் போக எஞ்சும் வருவாயில் 6 விழுக்காடு செலுத்துகின்றன. வருவாய் வளராவிடில் அந்நிதியும் வளராது. 5ஜி அலைகளுள் மிகுதியான தரவைச் சுமக்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை மரஞ்செடிகளினூடே வலுவிழக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், ஆயினும் குறைவாகவே சுமக்கும். செம்பனை சூழ்ந்த ஊருக்கு வேண்டுவது இரண்டாவதே. வேகத்தை விளம்பரம் செய்து விற்போருக்கு அதில் ஆர்வம் குறைவு.

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சி. 2023 முடிவில் 5ஜி 80 விழுக்காட்டை எட்டிவிட்டது என்றனர். எதில் 80? 'மக்கள் வாழும் பகுதி'களில். லயம் அக்கணக்கில் வரும். தொழிலாளி பகலெல்லாம் குலை வெட்டும் செம்பனைக்காடு வராது. காட்டில் ஒருவருக்குப் பாம்பு தீண்டினால் அழைப்பு போகவேண்டியது அங்கிருந்துதான். 'வாழும்' என்பதோடு 'உழைக்கும்' என்னும் சொல்லையும் அவ்வரையறையில் சேர்க்குமாறு நாம் ஆணையத்துக்கு எழுதலாம்; தமிழிலும் மலாயிலும் எழுதலாம்.