மலைமேல் கான்கிரீட்: பம்பை இயக்குதலும் பேணுதலும்

(பணி மேற்பார்வை அலுவலர்கள், பொறியியல் மாணவர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரை)



நான் பொறியியல் பயின்றவனல்லன், பொருளாதாரம் பயின்றவன். அரசுப் பணத்தில் இயங்கும் இயந்திரம் எத்தனை மணி நேரம் உழைத்தது, எத்தனை மணி நேரம் நின்றது என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். அக்கணக்கிலிருந்தே இவ்வுரை பிறக்கிறது.

மாதேஸ்வரன் மலையை எடுத்துக்கொள்வோம். அம்மலை அமைந்துள்ள கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. மேட்டூர், சேலம் பக்கத்து அடியார்கள் இன்றும் பாலாறு வழியே அங்குச் செல்கின்றனர். 2023 மார்ச்சில் மாதேஸ்வரரின் 108 அடி உயரச் சிலை அங்குத் திறக்கப்பட்டது. அத்தகைய மலையில் ஒரு பெருங்கட்டடம் எழுப்பும் பொறுப்பு உங்களிடம் ஒப்படைக்கப்படுவதாகக் கொள்வோம்.

108 அடி என்பது ஏறத்தாழ 33 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டப்பட்டபோது, 2008-இல், கான்கிரீட் 606 மீட்டர் உயரத்திற்குப் பம்பு மூலம் ஏற்றப்பட்டது. எனவே உயரம் நமக்கு இடையூறன்று. இடையூறு வேறிடத்தில் இருக்கிறது.

காலமும் தொலைவும்

இந்தியத் தரநிர்ணயம் 4926-இன்படி, ஆயத்தக் கலவையைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்குள் இறக்கிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் கலவை வண்டி ஊர்ந்து ஏறும் நேரம் இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே கலவையை மலைமேலேயே தயாரிப்பது நலம். அங்ஙனமே உதிரிப் பாகங்களும் மலைமேலேயே இருத்தல் வேண்டும். ஒரு பிஸ்டன் ரப்பருக்காக மைசூருக்கு ஆள் அனுப்பினால் அன்றைய பணி முழுவதும் வீணாகும்.

அடைப்பின் விலை

125 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் 100 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கனமீட்டர் கான்கிரீட்டைக் கொள்ளும். அதன் எடை மூன்று டன்னுக்குச் சற்றே குறைவு. பம்பு நின்று கலவை இறுகினால் அம்மூன்று டன்னும் குழாய்க்குள் கல்லாகிவிடும். ஒரு பணியிடத்தில் தொழிலாளர்கள் அத்தகைய குழாய்களைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்ததை நான் கண்டதுண்டு. மதிப்பீட்டுப் பட்டியலைப் புரட்டினேன். இயந்திர வாடகைக்கு ஒரு வரி இருந்தது. பராமரிப்புக்கு ஒரு வரியும் இல்லை.

இயக்கும் முறை

பம்பை உறுதியான, சமமான தரையில் நிறுத்துக. குழாய்ப்பாதை குறுகியதாகவும் வளைவுகள் குறைந்ததாகவும் இருக்கட்டும். குழாயைச் சாரத்தின் மீதோ கம்பிக்கட்டின் மீதோ சாய்த்தல் கூடாது. மலைச்சரிவில் கீழ்நோக்கிப் பம்பு செய்வது எளிதென்று பலர் எண்ணுவர், அது பிழை. கலவை தன் எடையாலேயே சறுக்கிப் பிரிந்து, இடையில் வெற்றிடம் தோன்றி, அடைப்பு நேரும்.

125 மில்லிமீட்டர் குழாய்க்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி பொருத்தமானது. பம்பு செய்யும் கலவைக்கு ‘ஸ்லம்ப்’ அளவு 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என இந்தியத் தரநிர்ணயம் 456 கூறுகிறது. கலவை ஓடவில்லை என்று தண்ணீரைக் கொட்டுவோர் கட்டடத்தின் வலிமையைக் கொட்டிவிடுகின்றனர்.

தொடக்கத்தில் சிமெண்டுப் பாலை முதலில் அனுப்பிக் குழாயின் உட்புறத்தை நனைக்க வேண்டும். கலவைத் தொட்டி வெறுமையாகிக் காற்று உட்புகுதல் ஆகாது. அழுத்தம் திடீரென ஏறினால் வலிந்து தள்ளாமல், ஓரிரு முறை பின்னோக்கி இயக்குக. அடைப்பு நீங்காவிடில், அழுத்தத்தை முற்றிலும் இறக்கிய பின்னரே இணைப்புப் பூட்டைத் திறக்க வேண்டும். காற்றழுத்தத்தால் குழாயைத் துப்புரவு செய்யும்போது வெளிவாயின் அருகே எவரும் நிற்கலாகாது. இவ்விரண்டிலும் அவசரப்படுவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

பேணும் முறை

நாள்தோறும் ஹைட்ராலிக் எண்ணெயின் அளவையும், பிஸ்டன்களுக்குப் பின்னுள்ள தண்ணீர்ப் பெட்டியையும் காண்க. அத்தண்ணீரில் சிமெண்டு கலந்திருப்பின் பிஸ்டன் ரப்பர் தேய்ந்துள்ளது எனப் பொருள். தேய்வுத் தட்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். கிடைமட்டக் குழாயின் அடிப்பக்கமே விரைந்து தேய்வதால், குழாய்களை அவ்வப்போது திருப்பிவைத்தால் அவற்றின் ஆயுள் நீளும். இவற்றிற்கு ஆகும் செலவு எண்ணெயும் கிரீசும் அரைமணி நேரமுமே.

ஆட்களும் இயந்திரமும்

ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். சட்டிக்கு 20 கிலோ என்று கொண்டாலும் அது 120 சட்டிகள். அத்தனையையும் சும்மாட்டில் சுமந்தவர்கள் நம் சித்தாள் பெண்கள். பம்பு அந்தச் சுமையை இறக்கியது. கூடவே அவர்களது கூலியையும் எடுத்துக்கொண்டது. அவர்களுள் சிலரையேனும் இயந்திரப் பராமரிப்புக்குப் பழக்கினால் இழப்பின் ஒரு பகுதி ஈடாகும்.

எனவே உங்களிடம் நான் வேண்டுவன மூன்று: மதிப்பீட்டில் பராமரிப்புக்கு ஒரு வரி, பம்பின் அருகே ஒரு பதிவேடு, ஆபத்தென்று கண்டால் யாரையும் கேளாமல் பம்பை நிறுத்தும் அதிகாரம் அதன் இயக்குநருக்கு. மலைமேல் இம்மூன்றும் இல்லாத பம்பு, வாடகை உண்ணும் இரும்பேயன்றி வேறன்று.