குதிகாலுக்குப் பின்னால் ஒரு வலி



2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி. பெய்ஜிங் ஒலிம்பிக் அரங்கம் நிரம்பி வழிகிறது. 110 மீட்டர் தடையோட்டத்தின் முதல் சுற்றுக்கு லியூ சியாங் வந்து நிற்கிறார். 2004இல் ஏதென்சில் 12.91 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் அவர். சொந்த நாட்டில் இன்னொரு தங்கம் உறுதி என்று சீனாவே காத்திருந்த வேளை அது. துப்பாக்கி வெடித்தது. வேறொரு வீரர் முந்திக்கொண்டதால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஓடிய அந்தச் சில அடிகளிலேயே கால் நொண்டிப்போன லியூ சியாங், மறுபடியும் கோட்டுக்கு வரவில்லை. அப்படியே உள்ளே நடந்துவிட்டார். செய்தியாளர்கள் முன் அவருடைய பயிற்சியாளர் தேம்பி அழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

காரணம், வலது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நாண். நாள்பட்ட வலி. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டும் ஓடினார், பதக்கங்களும் வென்றார். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே இடறி விழுந்தபோது, அதே வலது காலின் நாண் அறுந்துபோயிருந்தது. ஒற்றைக் காலில் நொண்டியபடியே ஓடுபாதையின் கடைசிவரை போய், இறுதித் தடையை முத்தமிட்டுவிட்டு வெளியேறினார்.

ஒலிம்பிக் வீரருக்கு வந்த வலியைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்த வலி வீரர்களுக்கு மட்டும் வருவதில்லை. வார இறுதியில் பூப்பந்து ஆடும் 45 வயதுக்காரருக்கு வரும். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு வரும். ஆண்டு முழுவதும் நடக்காமல் இருந்துவிட்டு, தைப்பூசத்தன்று மட்டும் நெடுந்தூரம் நடந்து பத்துமலையின் 272 படிகளையும் ஒரே மூச்சில் ஏறுகிறவருக்கும் வரும். நாணுக்குப் பிடிக்காதது வேலை அன்று, திடீர் வேலை.

நம்மவர்கள் இதைக் "குதிகால் நரம்பு வலி" என்பார்கள். உண்மையில் அது நரம்பே இல்லை. கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு பெரிய தசைகள் கீழே வரவர ஒன்றாகச் சேர்ந்து, தடித்த கயிறு போலாகிக் குதிகால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. அந்தக் கயிறுதான் நாண். மனித உடலிலேயே தடிமனானதும் வலிமையானதும் அதுவே. ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு பாரத்தை அது தாங்குகிறது. கிரேக்கக் கதையில் வரும் அக்கிலிஸ் என்ற வீரனின் பெயரால் மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். சாகாவரம் வேண்டித் தாய் அவனை ஆற்றில் முக்கியபோது குதிகாலைப் பிடித்துக்கொண்டாளாம். அந்த இடம் மட்டும் நனையவில்லை; அம்பு பட்டு இறந்ததும் அங்கேதான்.

வலியின் குணம் விசித்திரமானது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகள் உயிரை வாங்கும். கொஞ்சம் நடந்ததும் குறையும். "சரியாகிவிட்டது" என்று எண்ணி வழக்கம்போல் ஓடியாடிவிட்டு வந்தால், மறுநாள் காலையில் இரட்டிப்பாக வந்து நிற்கும். தொட்டுப் பார்த்தால் குதிகாலுக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே நாண் தடித்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டிலுள்ளவர்கள்கூட "நன்றாகத்தானே நடக்கிறாய்" என்பார்கள்.

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்களிடையே நீரிழிவு நோய் அதிகம். நீரிழிவு உள்ளவர்களின் நாண்கள் விறைத்துப்போய் எளிதில் பழுதாகின்றன. மருத்துவரோ தினமும் நடக்கச் சொல்கிறார். குதிகால் நடக்க விடுவதில்லை. நடையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறது, எடை கூடுகிறது. எடை கூடினால் நாணுக்குப் பாரம் கூடுகிறது. கால் வலிதானே என்று இதை அலட்சியமாக விட முடியாததற்கு இதுவே பெரிய காரணம்.

பல ஆண்டுகளாக மருத்துவர்களும் இதை வீக்க நோய் என்றே நினைத்தார்கள். வலி மாத்திரை, ஓய்வு, ஐஸ் ஒத்தடம் ஆகியவைதான் சிகிச்சை. பிறகு, பழுதான நாணின் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வீக்கத்துக்குரிய அணுக்கள் மிகக் குறைவாகவே தென்பட்டன. நேராக இருக்க வேண்டிய இழைகள் சிக்குப் பிடித்த நூல்போல் குலைந்து கிடந்தன. வீக்கம் முக்கியமாக இல்லாத இடத்தில் வீக்க மாத்திரை எவ்வளவுதான் செய்யும்? ஓய்வும் அப்படித்தான். இரண்டு வாரம் காலை நீட்டிப் படுத்திருந்தால் வலி போகும்; நாணோ முன்பைவிடப் பலவீனமாகிவிடும். எழுந்து ஆடினால் மீண்டும் பழைய கதை.

இந்த இடத்தில் சுவீடனைச் சேர்ந்த ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊமியோ நகரில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த ஹோக்கன் ஆல்ஃபிரட்சனுக்கு ஓடும் பழக்கம் உண்டு. 1990களில் அவருக்கே இந்த வலி வந்தது. எதிலும் தீராமல், தனக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்படி தம் மேலதிகாரியைக் கேட்டார். அறுவை செய்தால் நீண்ட விடுப்பு கொடுக்க வேண்டும், மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். ஆல்ஃபிரட்சன் ஒரு முடிவுக்கு வந்தார்: நாண் அறுந்துவிட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும்? அதை அறுத்தே தீருவது என்று, வலிக்கும் காலில் முழு எடையையும் போட்டு, குதிகாலைக் கீழே கீழே இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்தார். வலி கூடியது. விடாமல் செய்தார். நாண் அறுபடவில்லை. சில வாரங்களில் வலிதான் காணாமல் போனது!

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அவர் அதோடு விடவில்லை. அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு அதே பயிற்சியை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வு, குதிகால் நாண் சிகிச்சையைத் தலைகீழாக மாற்றியது. கனடாவில் 1980களிலேயே இதுபோன்ற பயிற்சி இருந்தது என்றாலும், வலித்தாலும் நிறுத்தாதே என்று துணிந்து சொன்னவர் இவர்தான்.

பயிற்சிக்கு ஒரு மாடிப்படியும் கைப்பிடியும் போதும். படியின் விளிம்பில் முன்பாதங்களை வைத்து நிற்க வேண்டும். நல்ல காலால் எம்பி உயர்ந்து, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே வருவது மறுபடியும் நல்ல காலால். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று. முழங்காலைச் சற்று மடக்கி அதேபோல் மூன்று சுற்று. காலையிலும் மாலையிலுமாக நாளுக்கு 180 தடவை, 12 வாரம். வலி இல்லாமல் செய்ய முடிந்தால், முதுகில் ஒரு பையை மாட்டிப் பாரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நாளுக்கு 180 தடவை என்றதுமே பலருக்கு மலைப்பு வரும். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில், வாரம் மூன்று நாள் மட்டும் கனமான எடையோடு மெதுவாகக் குதிகாலை உயர்த்தி இறக்கியவர்களும் அதே அளவு குணமடைந்தார்கள். விளையாட்டை முற்றாக விட வேண்டியதும் இல்லை. சுவீடனின் காரின் சில்பர்நாகல் குழுவினர் 2007இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. இந்த எல்லைக்குள் ஓடியவர்கள், ஓடாமல் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். நீரிழிவுக்காக நடப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நடையை நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். வலி மிகுந்த நாட்களில் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். காலில் உணர்வு குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு, காலணியோடு பயிற்சி செய்வது நல்லது.

இன்னொரு வகை வலி உண்டு. நாண் எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலிப்பது. லியூ சியாங்குக்கு வந்தது அந்த வகைதான். இவர்கள் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கினால் நாண் எலும்பில் அழுந்தி வலி கூடும். ஆகவே தரையிலேயே நின்று செய்ய வேண்டும். தட்டையான சிலிப்பரைத் தவிர்த்து, குதிகால் சற்று உயர்ந்த காலணி போட்டால் உடனே சுகம் தெரியும்.

ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாணுக்குள் ஸ்டீராய்டு போட்டால் வலி சில வாரம் பறந்துபோகும். நாண் பலமிழந்து அறுந்துபோகும் ஆபத்தும் கூடவே வரும். சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துப் போடும் ஊசிக்குத் தனியார் மருத்துவமனைகளில் பெரும் செலவாகிறது. 2010இல் நெதர்லாந்தில் 54 பேரிடமும், 2021இல் பிரிட்டனில் 240 பேரிடமும் நடந்த ஆய்வுகளில், அது போலி ஊசியைவிட மேலான பலனைத் தரவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல காலணி வாங்கலாம். அதிர்வலைச் சிகிச்சை பயிற்சியோடு சேர்ந்தால் சிலருக்கு உதவுகிறது. எண்ணெய் தேய்த்து உருவி விடுவது கெண்டைத் தசைக்கு இதம்தான். தடித்த நாணையே போட்டு அழுத்திப் பிசைவதால் குலைந்த இழை நேராகிவிடாது.

சில எச்சரிக்கைகள். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள் நாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008இலேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றுக்கு விதித்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அந்த மாத்திரை தொடங்கிய பிறகு குதிகால் வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு கால் நாணிலும் கட்டி கட்டியாகத் தடித்திருந்தால் கொழுப்புச் சத்தைச் சோதிக்க வேண்டும். பரம்பரையாக வரும் கொழுப்பு நோய் அங்கே வெளிப்படுவதுண்டு. ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் "படார்" என்று உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயிற்சி எல்லாருக்கும் பலிக்குமா? பலிக்காது. ஆல்ஃபிரட்சன் முறையைச் செய்தவர்களை ஐந்து ஆண்டு கழித்து நெதர்லாந்தில் பார்த்தபோது, பத்துப் பேரில் நால்வருக்கு வலியே இல்லை. பெரும்பாலோர் முன்னைவிட நன்றாக இருந்தார்கள். பாதிப் பேர் இடையில் வேறு சிகிச்சையும் நாடியிருந்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பலன் இல்லாதவர்களுக்கே மற்ற வழிகள். அறுவை எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் ஆரம்பத்திலேயே கைவிடுவதுண்டு. அப்போது வலி கூடியதுபோல் தோன்றும், பலனோ கண்ணுக்குத் தெரியாது.

மலேசியாவில் அரசாங்க மருந்தகத்திலும் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும் மருத்துவரைப் பார்த்து, பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம். வலி மாத்திரையோடு திரும்பி வந்துவிட வேண்டாம். முதல் நாளே ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை தடவை உயர்த்த முடிகிறது என்று இரண்டு காலிலும் எண்ணி, நாட்காட்டியில் குறித்துவையுங்கள். நல்ல கால் இருபது, வலிக்கும் கால் ஆறு என்று இருக்கலாம். ஆறு எட்டாகி, எட்டு பன்னிரண்டாவதை வாரந்தோறும் அதே நாட்காட்டியில் பார்த்து வாருங்கள்.