விளக்கு வைக்கும் நேரம்



தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க வீட்டுக்கு ஒரே விளக்கு. தேவாரம், படிப்பு, சாப்பாடு, அழுகை எல்லாம் அதைச் சுற்றித்தான். பயம் இருந்தது, அதைத் தனியே சுமக்க இடமிருக்கவில்லை.

இன்று எங்கள் வயதுப் பெண்கள் நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லை என்று வருகிறார்கள். ஈசிஜி பலவேளை சரியாகவே இருக்கும். "மனதிலை உள்ளதை ஆரோடை கதைக்கிறனீங்கள், அக்கா?" என்றால் கண் கலங்கும். வைத்தியர்களான எங்களுக்கும் அதே கதைதான், சொல்ல வெட்கமில்லை.

தேவாரத்தை இழுத்துப் பாடும்போது வெளிமூச்சு நீளுகிறது. வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. கிறிஸ்தவத் தோழியரின் ஞானப்பாட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே மாலையில் பத்து நிமிடம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாய்விட்டுப் பாடுவோம். பிறகு அன்றைய பாரத்தில் ஒன்றையாவது ஒருவருக்குச் சொல்வோம். எங்கள் வகுப்பில் நால்வர் இதற்காகவே ஞாயிறுகளில் கதைக்கிறோம். சமையலில் தொடங்கும், எங்கே முடியும் என்று தெரியாது.

இரண்டு கிழமைக்கு மேலும் மனம் சோர்ந்தே கிடந்தால் பாட்டு மட்டும் போதாது, வைத்தியரிடம் வாருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. நடுச்சாமத்திலும் எடுக்கலாம்.