மணி அடிக்குது, நம்பர் வரல

இந்த எபிசோட்ல ஒரு பழைய பெட்டியைப் பத்திப் பேசப் போறோம். லேண்ட்லைனுக்கு யார் கூப்பிட்டாங்கன்னு பார்த்து, அந்த நம்பரைப் பேஜருக்கு அனுப்பி வைக்கிற பெட்டி.

பேஜர்னா நம்ம வயசுக்காரங்க பலருக்கு 2024 செப்டம்பர்ல லெபனான்ல வெடிச்சதுதான் ஞாபகம் வரும். இந்தியாவுல 1995 வாக்கில் பேஜர் சேவை வந்தது. இங்க பெரும்பாலும் ஆபரேட்டருக்கு போன் பண்ணிச் சேதியைச் சொல்லணும். அமெரிக்கா மாதிரி நாடுகள்ல ஆபரேட்டர் தேவையில்லை. பேஜர் நம்பரை டயல் பண்ணி, பீப் சத்தம் கேட்டதும் நம்ம நம்பரை அழுத்தினா போதும். அந்த வேலையை மனுஷனுக்குப் பதிலா செஞ்சதுதான் இந்தப் பெட்டி. 2003 மே மாசம் மொபைல்ல இன்கமிங் இலவசமானதும் இங்க பேஜரை எல்லாரும் மறந்தாச்சு. ஆனா பெட்டியோட தேவை போகல. இப்ப அதுக்குள்ள ஒரு சிம் இருக்கு, பேஜருக்குப் பதிலா எஸ்எம்எஸ் போகுது.

குற்றாலத்துல தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் சின்னதா லாட்ஜ் நடத்துறார். பழைய கஸ்டமர் எல்லாரும் 04633ல ஆரம்பிக்கிற லேண்ட்லைனுக்குத்தான் கூப்பிடுவாங்க. ரிசப்ஷன்ல ஆள் இல்லாதப்போ வர்ற நம்பர் அவரோட மொபைலுக்குப் போகணும்னு இப்படி ஒரு பெட்டி வச்சிருந்தார். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சதும் மெசேஜ் வர்றது நின்னுபோச்சு.

“தம்பி, சீசன்ல ஒரு போன் போச்சுன்னா ஒரு ரூம் போச்சு. சிம்மை மாத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல”ன்னார்.

“அண்ணாச்சி, சிம்மை விடுங்க. மணி அடிக்கும்போது பெட்டி ஸ்க்ரீன்ல நம்பர் வருதா?”

“மணி நல்லாத்தான் அடிக்கி. ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்ல.”

இந்த ஒரு கேள்வியிலயே பாதி வேலை முடிஞ்சுது. கோட்ல பக் தேடும்போது நடுவுல பிரிச்சுப் பார்ப்போம்ல, அதே முறைதான். ஸ்க்ரீன்ல நம்பர் வந்து மெசேஜ் போகலைன்னா கோளாறு சிம் பக்கம். நம்பரே வரலைன்னா லைன் பக்கம்.

இங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம், மணி அடிக்குதே, அப்புறம் லைன் எப்படிக் கெட்டிருக்கும்? மணி அடிக்க லைன்ல வர்றது ஏறக்குறைய 75 வோல்ட் ஏசி. அது எப்படியும் முட்டி மோதி வந்துரும். நம்பரைச் சொல்ற சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் கீழ. அதனால மணி அடிக்கிறதை வச்சு லைன் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியாது.

அந்தச் சிக்னல் ரெண்டு விதமா வரும். ஒண்ணு டிடிஎம்எஃப். நாம பட்டன் அழுத்தினா கேக்குற அதே சத்தம், முதல் மணிக்கு முன்னாடியே வந்துரும். இன்னொண்ணு எஃப்எஸ்கே. முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுல, நொடிக்கு 1200 பிட் வேகத்துல வரும். கடைசியில சரிபார்க்கிற எண் ஒண்ணும் இருக்கும். அது பொருந்தலைன்னா பெட்டி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுரும், தப்பான நம்பரைக் காட்டாது. டிடிஎம்எஃப்ல பொதுவா அந்தச் சரிபார்ப்பு இல்ல. லைன்ல இரைச்சல் இருந்தா ஒரு இலக்கம் விழுந்துபோன நம்பர் அப்படியே மொபைலுக்கு வரும்.

இன்னொரு சிக்கல், நம்ம ஊர் மணி ‘ட்ரிங் ட்ரிங்’னு ஜோடியா அடிச்சு 2 நொடி நிக்கும். அமெரிக்காவுல 2 நொடி நீளமா ஒரே மணி, 4 நொடி இடைவெளி. அந்த ஊர்க் கணக்குக்குச் செஞ்ச பெட்டி நம்ம ஜோடி மணியில குழம்பலாம். வாங்கும்போதே இதையும், டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே ரெண்டும் படிக்குமான்னும் கேட்டுக்கோங்க.

அண்ணாச்சி பெட்டி மே வரைக்கும் ஓடின பெட்டி. அதனால இந்தப் பிரச்சனை இல்ல. வெளியிலருந்து லைன் உள்ள வர்ற முதல் பாயின்ட்ல, உள்ள போற வயரைக் கழட்டிட்டு, நம்பர் காட்டுற சாதாரண போனை மாட்டச் சொன்னேன். நம்பர் வந்துச்சு. அப்ப சேவையும் இருக்கு, வெளி லைனும் சரி. பெட்டியைத் தூக்கிட்டு வந்து அதே இடத்துல மாட்டினார். அதுலயும் வந்துச்சு. மிச்சம் ரிசப்ஷன் வரைக்கும் போற வயர்தான். மொட்டை மாடிச் சுவர் ஓரத்துல ஒரு ஜாயின்ட், இன்சுலேஷன் டேப் சுத்தினது. பிரிச்சா உள்ள செம்பு பச்சையா பூத்திருக்கு. சாரல்ல நனைஞ்சு லைன் கசிஞ்சிருக்கு. ஜாயின்ட் இல்லாம புது வயர் இழுத்ததும் சரியாச்சு.

ஆனா எனக்கு உறுத்தினது வேற. அந்தப் பெட்டி எத்தனை நாளா செத்துக் கிடந்துச்சுன்னு அவருக்குத் தெரியல. மெசேஜ் வரலைன்னா யாரும் கூப்பிடலைன்னு நினைச்சிருக்கார். பேஜர்லயும் இதே குறைதான். சாதாரண பேஜர் வாங்கும், திருப்பிச் சொல்லாது. சேதி சேர்ந்துச்சான்னு அனுப்பினவருக்குத் தெரியாது. லாட்ஜ்ல போறது ஒரு ரூம். அதே பெட்டி ஊர்ல தனியா இருக்கிற ஆச்சி வீட்டுல இருந்தா போறது என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால, இப்படி ஏதாவது வச்சிருக்கீங்கன்னா, தினமும் ஒரே நேரத்துல நீங்களே ஒரு மிஸ்டு கால் கொடுங்க. உங்க நம்பர் உங்க மொபைலுக்குத் திரும்பி வரணும். வரலைன்னா அன்னிக்கே லைனைப் பாருங்க. சர்வருக்கு ஹார்ட்பீட் வைக்கிறோம்ல, அதேதான். செலவு ஒரு நிமிஷம்.

உங்க வீட்டுல இப்படி அமைதியா செத்துக் கிடக்கிற பெட்டி எதுன்னு இன்னிக்குத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.